லாயத் தெருப் பள்ளியின் கோணல்

பாலக்காட்டுக் கோட்டைக்குக் கிழக்கே லாயத் தெருவுக்குள் முதல்முறையாக நுழைகிறவன், பள்ளிவாசலைப் பார்த்ததும் தன்னையறியாமல் கழுத்தை ஒரு பக்கம் சாய்ப்பான். தெரு கிழக்கு மேற்காக நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. கடைகளும் வீடுகளும் அதோடு ஒட்டி ஒழுங்காக நிற்கின்றன. பள்ளி மட்டும் தெருவோடு சண்டை போட்டுக்கொண்டவர் மாதிரி முகத்தை வடமேற்கே திருப்பிக்கொண்டு நிற்கும். கோணப் பள்ளி என்று கேட்டால் மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கூட வழி சொல்வார்.

கட்டி இருநூறு வருசம் என்பார்கள். முந்நூறு என்கிறவர்களும் உண்டு. பேசுகிற ராவுத்தர் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் ஐம்பது ஏறும். குதிரை வியாபாரத்துக்கு வந்து இங்கே லாயம் போட்ட ராவுத்தர்கள் தங்களுக்கென்று ஒரு பள்ளி வேண்டும் என்று நினைத்தார்கள். கட்ட வந்தவர் சுலைமான் கொத்தனார். எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு எல்லாரும் குதிரைகளை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது சுவர் மார்பு உயரம் எழும்பியிருந்தது. ஐயோ, இதென்ன கோணல் என்று கேட்கலாம் என்றால் கேட்பதற்கு ஆளில்லை. வாந்திபேதியில் மூன்றே நாளில் சுலைமான் மவுத்தாகியிருந்தார். வெட்டுக்கல் சுவர் அசைக்க முடியாத சுவர். இடிக்க மனமில்லாமல் அப்படியே மேலே கட்டி ஓடு போட்டார்கள். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் நெய்ச்சோற்றை மூக்கு முட்டத் தின்றுவிட்டு, அந்த மயக்கத்தில் அஸ்திவாரத்துக்கு நூல் பிடித்துவிட்டார் என்று ஒரு கதையும் கிளம்பியது. அந்தக் கதைக்கு மட்டும் இன்றுவரை வயசே ஆகவில்லை.

பிறகு பள்ளி நிர்வாகத்துக்கு வந்த ஒரு முத்தவல்லி கோணலைத் தன் பங்குக்குச் சரிசெய்தார். தொழுகை மேற்குப் பார்த்துத்தானே? மேற்கு என்றால் தெரு போகிற திசைதானே? பள்ளியின் தரையில் தெருவுக்கு ஒத்தபடி காவிக் கோடுகள் போட வைத்தார். அன்றிலிருந்து சுவர் ஒரு பக்கம் பார்க்க, மனிதர்கள் ஒரு பக்கம் பார்க்கத் தொழுகை நடந்தது. பாய்கள் மூலைக்கு மூலை சாய்ந்து கிடக்கும். வரிசையின் இரண்டு கோடியிலும் ஒருவருக்கும் உதவாத முக்கோணம் மிஞ்சும். இமாம், மேற்குச் சுவரில் தனக்கென்று உள்ள மாடமான மிஹ்ராபின் ஓரத்தில் தோளைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் காவிக் கோடுகளை வருசா வருசம் நோன்புக்கு முன்னால் புதுப்பிக்கிற வேலை யாருக்கு? சுலைமான் வழிவந்த கொத்தனாருக்குத்தான். பாட்டன் கோணலைப் பேரன்தான் திருத்தணும் என்று தெருவே சிரிக்கும்.

அந்தக் கொத்தனார்களின் வீடு பள்ளியின் தெற்குச் சுவரை அடுத்த வீடு. கோணக் கொத்தன் ஊடு என்று சொன்னால்தான் தபால்காரருக்கே தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அந்த வீட்டின் கொத்தனார் குஞ்சு முகம்மது. அவர் எழுப்பிய சுவரில் ஒரு நூல் சாய்வு காட்ட முடியாது. எலப்புள்ளியிலிருந்துகூட ஆள் அனுப்பி அழைப்பார்கள். ஆனாலும் பேர் கோணக் கொத்தன்தான். அவருக்கு அது பழகிவிட்டது. அவர் மனைவி கௌலத்துக்கு இருபத்திரண்டு வருசமாகியும் பழகவில்லை.

மலையாளக் கணக்கில் இடவ மாதம் பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. சாயங்காலம் கௌலத் பின்முற்றத்தில் சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வேகவிட்டுக்கொண்டிருந்தாள். தொட்டி கொதித்துப் புகைந்தது. கண்ணில் தெறிக்காமல் முகத்தை ஒதுக்கி, நீளக் கழியால் கிளறினாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர்களும் வெற்றிலைக் கடைக்காரர்களும் அவளிடம்தான் சுண்ணாம்பு வாங்குவார்கள். அன்று காலையில் பள்ளிக் கமிட்டியிலிருந்து நாலு வண்டி கல்சுண்ணாம்பும் மணலும் கொண்டுவந்து பின்முற்றம் முழுக்கக் கொட்டியிருந்தார்கள். நோன்புக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது குஞ்சு முகம்மது வந்து கிணற்றடியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்பிடிக் கெடக்குது?"

"ஒண்ணுமில்ல. சித்த தண்ணி குடு."

கொடுத்தாள். குடித்தார். சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தீருமானம் ஆயிப்போச்சு கௌலத்து. பள்ளிய இடிக்கறாங்க."

"அது ரெண்டு வருசமாச் சொல்லிட்டுத்தான இருக்கறாங்க."

"இப்ப நெசமாலுமே. நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சு யாசீன் ஓதி துஆ. சனிக்கெழம காலைல கடப்பாரை வைக்கறது."

"யாரு வைக்கறதாம்?"

அவர் சொம்புக்குள் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். யாரு?"

"நாந்தான்."

கௌலத் கழியைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

"உங்க பாட்டனுக்குப் பாட்டன் கட்டுன பள்ளி. அத இடிக்க உங்களுக்குக் கை வருமா?"

"நான் மாட்டேன்னா வேற ஆளு வருவான். கண்டபடி தட்டிப்போடுவான். நானுன்னா ஓடு ஓடா, கல்லு கல்லா எறக்குவேன். உத்தரம் ஒண்ணு ஒடையாது. அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன். நீயே ரோசன பண்ணு. கஞ்சிக்கோட்டுல ஃபேக்டரிக வந்தப்பறம் வெள்ளிக்கெழம நூறு பேரு வெளிய வெயில்ல நிக்கறான். எடம் பத்தல. முத்தவல்லி மாமா சொல்றதுல ஞாயம் இருக்குதல்ல? புதுசா, தெருவுக்கு நேரா, பெருசாக் கட்டறாங்க."

"நேரான்னா?"

"நேரான்னா நேராத்தான்."

அவர் எதையோ விழுங்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சொல்லாமல் மறைத்தாலும் சிவக்கும்.

"இன்னும் என்னமோ இருக்குது. அதையும் கக்கிப்போடுங்க."

"புதுப் பள்ளி வாசல்ல ஒரு கல்லு வைக்கறாங்க. பள்ளி சரித்திரம் எழுதி. எழுதுனதை எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க."

"என்ன எழுதியிருக்குது?"

"கொத்தன் சுலைமான் செய்த பிழையால் கோணலாகக் கட்டப்பட்ட பழைய பள்ளியை மாற்றி..." அவர் நிறுத்திவிட்டார்.

"பேரு போட்டா எழுதியிருக்குது?"

"பேரு போட்டுத்தான்."

கௌலத்துக்குக் காதில் இரைந்தது. தெருவில் நூறு பேர் நூறு சொல்லலாம். சொன்னவன் செத்தால் சொல்லும் போய்விடும். கல்லில் வெட்டினால்? பேரப்பிள்ளைகள் தொழப் போகும்போது அதைப் படித்துவிட்டுத்தானே செருப்பைக் கழற்ற வேண்டும்? அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"நல்லா இருக்குதுங்க உங்க ஞாயம். இடிக்கறதும் நாம, இடிச்சப்பறம் கல்லுல திட்டு வாங்கறதும் நாம. கல்லை நட்டு வைக்கறதும் நீங்கதானா, இல்ல அதுக்கு வேற ஆளு வருதா?"

"சத்தம் போடாத. பக்கத்துல மக்ரிபுக்கு ஆளு வருது."

"வரட்டும். கேக்கட்டும்."

அவர் எழுந்து உள்ளே போனார். போகிறவர் வாசப்படியில் நின்று, "நாளைக்கு நெழல் பாத்தியா வேண்டாம். முற்றத்துல எடமும் இல்ல, எனக்கு மனசும் இல்ல" என்றார்.

நிழல் பாத்தியா என்பது அந்த வீட்டில் மட்டும் உள்ள வழக்கம். வேறு எந்த ராவுத்தர் வீட்டிலும் கிடையாது. இடவம் பதினாலு அன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் ஒரு தேக்கங்கோலை நடுவார்கள். கோல் சரியாக நாலு முழம். அதோடு மூன்று முழக் கயிறு ஒன்று இருக்கும். கோலின் நிழல் நீண்டு நீண்டு கயிற்றின் அளவைத் தொடுகிற நேரத்தில், நிழல் மேலேயே சுண்ணாம்பால் கோடு இழுத்து, சுலைமான் கொத்தனார் பேரில் பாத்தியா ஓதி, மாவும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் பிசைந்து அக்கம்பக்கம் கொடுப்பார்கள். கோலும் கயிறும் சுலைமான் சாகும்போது பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போனவை. கொத்தனார்கள் வெளியூர் வேலைக்குப் போய்விடுவதால் அந்த வீட்டு மருமகள்கள்தான் வழிவழியாக இதைச் செய்து வந்தார்கள். எதற்கு என்று கேட்டால் மழைக்கு என்பார்கள். நிழல் கறுப்பாக விழுந்தால் இடவப்பாதி மழை குறைவில்லாமல் பெய்யுமாம். மாமியார் சௌதாவும் கௌலத்திடம் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

வேண்டாம் என்று கணவர் சொன்னதால்தான் செய்தே தீருவது என்று கௌலத் முடிவு செய்தாள். கடைசியாக ஒரு தடவையாவது அந்த மனுசனுக்குப் பாத்தியா ஓதிவிடலாம். நாளை மறுநாள் அவர் கட்டிய சுவரே இருக்காது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். கணவாய்க் காற்று நின்றுபோயிருந்தது. மேற்கே மேகம் குவிந்து, கலைந்து, மறுபடி குவிந்தது. கௌலத் பச்சரிசியை ஊறவைத்து இடித்து, சலித்து, வறுத்தாள். தேங்காய் துருவினாள். பின்முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. முன்பக்கம் கூரை நிழல். மிஞ்சியது வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருந்த சந்து. சந்து என்றாலும் கொஞ்சம் அகலம்; பள்ளியின் அஸ்திவாரக் கல்வரிசை அந்தப் பக்கம் நீளமாகத் தெரியும். மதியத்துக்குப் பிறகு நல்ல வெயில் விழும். அங்கேயே நடலாம் என்று பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்தாள்.

ஜும்ஆ முடிந்து வெளியே நின்று தொழுதவர்கள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கலைந்தார்கள். யாசீன் ஓதுகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. அப்போதுதான் எலப்புள்ளி பெரியமுத்து தோளில் நாலு கடப்பாரையோடு வந்து சேர்ந்தான். குஞ்சு முகம்மதுவோடு பதினைந்து வருசமாக வேலை செய்கிறவன். கடப்பாரைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, சக்கைப்பழம் மணக்குதுங்களே."

"மூக்கு நல்லா இருக்குது உனக்கு. இந்தா, தின்னு. தின்னுபோட்டு இந்தக் கோலைக் கொஞ்சம் நேரா நட்டுக் குடு."

"நெழல் சாமியா? கொத்தனாரு வேண்டாம்னு சொன்னாரே."

"சாமியும் இல்ல பூதமும் இல்ல. குண்டு எடு."

பெரியமுத்து பலாச்சுளையைக் கடவாயில் ஒதுக்கிக்கொண்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டை எடுத்துவந்து, கோலை நட்டு நாலு பக்கமும் குண்டு தொங்கவிட்டுப் பார்த்தான். சாய்வில்லை. கௌலத் கயிற்றை விரித்துக் கோலின் அடியிலிருந்து பிடித்தாள். நிழல் இன்னும் ஒரு சாண் குறைந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

"ஏனுங்கக்கா, பள்ளிய இடிச்சா அந்த மனுசன் ஆவி வந்து கொத்தனாரைப் புடிச்சுக்காதுங்களா?"

"புடிக்கட்டும். புடிச்சு நாலு கேள்வி கேக்கட்டும்."

மேகம் வந்து மூடியது. நிழல் மங்கிக் காணாமல் போயிற்று. கௌலத் வானத்தைப் பார்த்து, "யா அல்லா, கடைசியா ஒருக்கா" என்றாள். கொஞ்ச நேரத்தில் வெயில் அடித்தது. நிழல் தரையில் சுருக்கென்று விழுந்தது. நுனி கயிற்றின் முடிச்சைத் தொட்டது. அவள் சுண்ணாம்புக் கிண்ணத்தில் விரலை முக்கி, கோலின் அடியிலிருந்து நுனி வரைக்கும் நிழலோடு இழுத்தாள். பிறகு கண்ணை மூடிப் பாத்தியா ஓதினாள். ஓதி முடித்துக் கண்ணைத் திறந்தவள் கோட்டைப் பார்த்தாள். பள்ளியின் அஸ்திவாரக் கல்லைப் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருசமாக அவள் அந்தக் கோட்டைப் பின்முற்றத்தில்தான் இழுத்திருக்கிறாள். அங்கே பக்கத்தில் இருந்தது கிணறும் முருங்கை மரமும். பள்ளியை ஒட்டி இழுத்தது இதுதான் முதல் தடவை.

கோட்டின் இந்தக் கோடிக்கும் கல்லுக்கும் நடுவில் சாண் போட்டாள். நாலு சாண், மூன்று விரல். அந்தக் கோடிக்குப் போய்ச் சாண் போட்டாள். நாலு சாண், மூன்று விரல்.

"பெரியமுத்து, நூலு எடு."

"எதுக்குங்க?"

"எடுடான்னா எடு. இந்தக் கோட்டு மேல நூலைப் புடிச்சு, பள்ளியோட ரெண்டு மூலை வரைக்கும் இழு."

பெரியமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு நூலை இழுத்தான். பள்ளியின் கிழக்கு மூலையில் ஒரு குச்சி, மேற்கு மூலையில் ஒரு குச்சி. கௌலத் போய்ச் சாண் போட்டுப் பார்த்தாள். கிழக்கே நாலு சாண், மூன்று விரல். மேற்கே நாலு சாண், நாலு விரல். பெரியமுத்துவும் தன் கையால் அளந்தான். வெட்டுக்கல் வேலையில் ஒரு விரல் ஒரு பொருட்டே இல்லை.

"அக்கா," என்றான் பெரியமுத்து. அவன் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டிருந்தது. "இது தூங்கி வழிஞ்சவன் புடிச்ச நூலு இல்லீங்க. இந்த நெழலைப் பாத்துத்தான் அந்தாளு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருக்கறாரு."

நிழல் எதைச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நெய்ச்சோறு தின்ற மயக்கத்தில் ஒருவன் நாலு முழமும் மூன்று முழமும் கணக்குப் பார்த்துக் கோலையும் கயிற்றையும் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டுச் சாக மாட்டான். அவர் தெரிந்துதான் கட்டினார். சொல்வதற்குத்தான் நாள் கிடைக்கவில்லை. கௌலத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, விரலில் சுண்ணாம்போடு, பள்ளி வாசலுக்கு ஓடினாள்.

உள்முற்றத்தில் ஹவுள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாசீன் முடிந்து, யார் யார் எந்தப் பக்கம் நின்று இடிப்பது என்று முத்தவல்லி முகம்மது ராவுத்தர் பேசிக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடை வைத்திருக்கிற பெரிய மனிதர். நல்லவர்தான், ஆனால் தான் பேசும்போது மற்றவர்கள் இருமினாலும் பிடிக்காது. கௌலத் வாசலில் நின்றாள். கணவர் பேரைச் சொல்லக் கூடாது. அதனால் தெருவே அதிரும்படி, "ஏனுங்க!" என்று கூப்பிட்டாள்.

அங்கே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரையும் அவரவர் பெண்டாட்டிகள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன புள்ளே, ஊடு ஏதாச்சும் பத்திக்கிச்சா?" என்றார் முத்தவல்லி.

"இல்லீங்க மாமா. பள்ளி கோணல் இல்லீங்க. வந்து பாருங்க. நெழலு சொல்லுது."

யாரோ சிரித்தார்கள். குஞ்சு முகம்மதுவின் முகம் தொங்கிவிட்டது. "கௌலத்து, ஊட்டுக்குப் போ" என்றார்.

"போறேனுங்க. நீங்க எல்லாரும் வந்து பாத்தப்பறம் போறேன்." அவள் கோலையும் கயிற்றையும் கோட்டையும் அளவையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"அடப் போம்மா," என்றார் முத்தவல்லி. "நெழலு தெனமும் எங்காச்சும் விழுகத்தான் செய்யும். ஒருநாள் சொவத்துக்கு ஒத்து விழுந்தா அது ஒரு அதிசயமா?"

அப்போது மிஹ்ராபுப் பக்கமாக உட்கார்ந்திருந்த இமாம் காசிம் ஹஸ்ரத் எழுந்து நின்றார். வேலூரில் ஓதியவர். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர்.

"அம்மா, கோல் எத்தனை முழம்?"

"நாலுங்க ஹஸ்ரத்."

"நிழல்?"

"மூணுங்க. மூணு ஆனாத்தான் கோடு."

"எந்த நாளில் எல்லாம் இதைச் செய்வீங்க?"

"இடவம் பதினாலு மட்டுந்தானுங்க. இன்னைக்கு மட்டும்."

ஹஸ்ரத் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஆக எட்டு நிமிடம் இருந்தது. "சுப்ஹானல்லாஹ்" என்றார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டிச் சந்துக்குள் நடந்தார். ஹஸ்ரத் போனால் கூட்டம் போகாமல் இருக்குமா? எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். சந்து கொள்ளவில்லை.

ஹஸ்ரத் கோட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நூலின் மேலே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"ராவுத்தரே, வருசத்தில் ரெண்டு நாள் உண்டு. இடவத்தில் ஒன்று, கர்க்கடகத்தில் ஒன்று. அந்த ரெண்டு நாளிலும் மக்காவில் உச்சிப்பொழுதுக்குச் சூரியன் கஅபாவின் தலைக்கு நேர் மேலே நிற்கும். அங்கே கம்பு நட்டால் நிழலே விழாது. அங்கே உச்சி என்றால் இங்கே ரெண்டே முக்கால் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் நாம் இங்கிருந்து சூரியனைப் பார்த்தால் கஅபாவைப் பார்க்கிற மாதிரி. நிழல் கிடக்கிற கோடுதான் தொழுகைக்கு முகம் வைக்க வேண்டிய கிப்லாக் கோடு. இந்த ஊரில் அப்போது நாலு முழக் கோலுக்கு மூன்று முழம் நிழல் வரும்னு அந்த மனிதர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அவர் இந்தப் பள்ளியைத் தெருவுக்கு ஒத்துக் கட்டவில்லை. கஅபாவுக்கு ஒத்துக் கட்டியிருக்கிறார்."

முத்தவல்லிதான் முதலில் பேசினார்.

"ஹஸ்ரத்து, அப்ப இத்தன நாளு நீங்க ஏன் சொல்லல?"

"இதைக் கிதாபில் படித்துப் பத்து வருசம் ஆச்சு. படித்தேனே தவிர, ஒருநாள்கூடக் கம்பை நட்டுப் பார்க்கவில்லை. என் தப்புத்தான். அல்லாஹ் மன்னிக்கணும்."

"எனக்கு இந்தக் கோலு மேல நம்பிக்க இல்ல," என்றார் முத்தவல்லி. "கொத்தன் ஊட்டுக் கோலு. அவுங்களுக்குச் சாதகமாத்தான் சொல்லும்." தன் நீளக் குடையை எடுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பள்ளிச் சுவர் ஓரத்து ஈர மண்ணில் தானே குத்தினார். "பெரியமுத்து, குண்டு போட்டு நேராக்கு." பெரியமுத்து நேராக்கினான். அந்த நேரம் பார்த்து மேகம் மூடியது.

அறுபது பேரும் அண்ணாந்து நின்றார்கள். ஒரு தூறல் விழுந்தது. மழை பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது. நாளைக் காலையில் கடப்பாரை. கௌலத் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். குஞ்சு முகம்மது அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் தோள் அவள் தோளில் இடித்தது. இத்தனை ஆண்கள் நடுவில் அப்படி அவர் நின்றதே இல்லை.

மேகம் விலகியது. குடையின் நிழல் ஈர மண்ணில் கறுப்பாக விழுந்தது. அஸ்திவாரக் கல்லோடு கல்லாக, விலகாமல் கிடந்தது.

முத்தவல்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நரைத்த தாடியைத் தடவினார். "அப்ப முத்தவல்லியா இருந்த எங்க பாட்டன் போட்ட காவிக்கோடு?" என்றார் மெதுவாக.

"நல்ல எண்ணத்தில் போட்டது ராவுத்தரே. தெரியாமல் தொழுததை அல்லாஹ் தள்ள மாட்டான். தெரிந்த பிறகும் அதிலேயே நின்றால்தான் நாம் பதில் சொல்லணும்."

"அதுசரி, எடம்? நூறு பேரு வெயில்ல நிக்கறானே, அதுக்கு உங்க நெழலு என்ன சொல்லுது?"

இப்போது குஞ்சு முகம்மது வாயைத் திறந்தார். காது மடல் சிவக்கவில்லை. "மாமா, கோணப் பாயி போட்டுப் பத்து வரிச நிக்குது. ஒவ்வொரு வரிசையிலும் ரெண்டு மூலையும் வீணு. மிஹ்ராபு முன்னாலயும் பின்வாசல்கிட்டயும் பாதிப் பாதி வீணு. சொவத்துக்கு ஒத்துப் பாயி போட்டா பதிமூணு வரிச நிக்கும். நானு கண்ணாலயே சொல்றேன். வேணும்னா விரிச்சுப் பாருங்க."

"விரிங்கடா," என்றார் முத்தவல்லி.

பாய்களைச் சுருட்டினார்கள். காவிக் கோடுகள் தெரிந்தன. முன்னால் இருந்து சுவருக்கு ஒத்தபடி விரித்துக்கொண்டே வந்தார்கள். பதிமூன்றாவது பாய் வாசல்படிக்கு ஒரு முழம் முன்னால் முடிந்தது. மூலையில் ஒரு முக்கோணம்கூட மிஞ்சவில்லை. முத்தவல்லி பாய்களின் நடுவே நடந்தார். மிஹ்ராபுக்கு நேராக நின்று பார்த்தார். இரண்டு பக்கமும் தூண்கள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்று மறைந்து நின்றன. இந்தப் பள்ளிக்குள் அறுபது வருசமாக வருகிறவர், அது இவ்வளவு அழகான பள்ளி என்று அன்றுதான் பார்த்தார். அதை அவரே வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்து, "பெரியமுத்து, கடப்பாரைய எடுத்துட்டுப் போ. கல்லு வெட்டறவனுக்கு நான் ஆளு அனுப்பிக்கறேன். வெட்டுன எழுத்தையும் செதுக்கி அழிச்சுப்போடச் சொல்றேன்" என்றார்.

"அசர் தொழுகைக்கு முன்னாலயே காவியச் சொரண்டிப்போட்டு, புதுக் கோடு போட்டரணும்," என்றார் பிறகு. "ஆளு பழைய நெனப்புல சாஞ்சு நின்னுருவான். குஞ்சு மம்மது, நீ போடறியா?"

குஞ்சு முகம்மது மனைவியைப் பார்த்தார். "மாமா, நானு வருசா வருசம் காவிக்கோடு போட்ட கை. சரியான கோடு இழுத்த கை அதா நிக்குது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பொம்பளை பள்ளிக்குள்ளேயா என்று ஒரு குரல் கேட்டது. முத்தவல்லி ஹஸ்ரத்தைப் பார்த்தார். ஹஸ்ரத் சொன்னார்: "ஒளுச் செய்துவிட்டு வரட்டும். நாம் எல்லாரும் நிற்கப் போகிற கோடு."

கௌலத் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு, சுண்ணாம்புக் கிண்ணத்தோடு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். குஞ்சு முகம்மதுவும் பெரியமுத்துவும் காவியைச் சுரண்டித் துடைத்திருந்தார்கள். தரை குளிர்ச்சியாக இருந்தது. குஞ்சு முகம்மது தெற்குச் சுவரில் மூலைமட்டப் பலகையை வைத்து, நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றார்.

"என்னைய என்ன பாக்கறீங்க? நூலை இறுக்கிப் புடிங்க, தொவளுது," என்றாள்.

அவர் இறுக்கிப் பிடித்தார். தெற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவர் வரைக்கும் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து அவள் முதல் வரிசைக்குக் கோடு இழுத்தாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. பதிமூன்றும் முடிந்தபோது அவளுடைய கண்ணீர் முகத்தில் வழிந்து சுண்ணாம்போடு கலந்திருந்தது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே மோதினார் அசருக்கு பாங்கு சொல்லி முடித்தார். முத்தவல்லி முதல் ஆளாக உள்ளே கால் வைத்தார்.

"மாமா, நில்லுங்க," என்றாள் கௌலத். "ஈரம். மிதிச்சா அழிஞ்சு போகும். காயட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும் அம்மிணி?"

"நாஞ் சொல்றேன்."

முத்தவல்லி வைத்த காலைப் பின்னால் எடுத்தார். இமாமும் அவருக்குப் பின்னால் நின்ற நூறு பேரும், கௌலத் குனிந்து ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்து முடிக்கும் வரைக்கும், வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார்கள்.